கிரீம் ஏன் ஏழு இரவோடு நிறுத்திக்கொண்டது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 1968இல் கலைந்த கிரீம் என்ற ராக் குழு 2005இல் மறுபடி சேர்ந்து, லண்டனில் நான்கும் நியூயார்க்கில் மூன்றுமாக ஏழு இரவு வாசித்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் எல்லாமே நல்ல கேள்விகள், ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: கிரீம் என்ற பெயரையே உங்கள் பக்கத்தில்தான் முதலில் பார்த்தேன். யார் இவர்கள்? இரண்டு வருடம் மட்டும் இருந்த ஒரு குழுவைப் பற்றி இன்னும் ஏன் பேச வேண்டும்?

பதில்: மூன்று பேர். எரிக் கிளாப்டன் கிடார். ஜாக் புரூஸ் பேஸ் கிடார், பெரும்பாலான பாடல்களில் குரலும் அவருடையதுதான். ஜிஞ்சர் பேக்கர் ட்ரம்ஸ். 1966 ஜூலையில் இங்கிலாந்தில் மேடையேறினார்கள், 1968 நவம்பர் 26ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றார்கள். மொத்தம் இரண்டு வருடம் நாலு மாதம்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்து இளைஞர்கள் பலர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டு, அதையே மின்கிடாரில் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். கிளாப்டனுக்கு அதில் ஏற்கெனவே பெரிய பெயர். யார்ட்பேர்ட்ஸ், அப்புறம் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் என்று இரண்டு குழுக்களில் வாசித்துவிட்டு வந்தவர். மற்ற இருவரும் வந்த வழி வேறு. புரூஸ் ஸ்காட்லாந்துக்காரர், கிளாஸ்கோவில் செல்லோவை முறையாகப் படித்தவர், ஜாஸ் பைத்தியம். பேக்கர் தன்னைக் கடைசிவரை ஜாஸ் ட்ரம்மர் என்றேதான் சொல்லிக்கொண்டார். ராக் ட்ரம்மர் என்று யாராவது சொன்னால் கோபம் வரும், ஆப்பிரிக்கத் தாளங்களில் அவ்வளவு ஈடுபாடு. ஆக ஒரு ப்ளூஸ் கிடார்காரரும் இரண்டு ஜாஸ்காரர்களும். ராபர்ட் ஜான்சன், ஸ்கிப் ஜேம்ஸ், வில்லி டிக்சன் ஆகிய ப்ளூஸ்காரர்களின் பாட்டுகளை எடுத்து, மேடையில் அதைத் திறந்துவிட்டு, எங்கே போகிறதோ அங்கே போனார்கள். 1968இல் வந்த 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' இரட்டை ஆல்பத்தில் இருக்கும் 'ஸ்பூன்ஃபுல்' 16 நிமிடத்துக்கு மேல் ஓடும். எழுதி வைத்தது கொஞ்சம்தான், மீதி எல்லாம் அந்த நிமிடத்தில் பிறந்தது.

நம் ஊர்க் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று ஒரு நேரம் ஒதுக்கி மிருதங்கக்காரருக்கு விடுவார்கள் அல்லவா, கிரீமில் மூன்று பேருமே கச்சேரி முழுக்கத் தனி வாசித்தார்கள், ஒரே நேரத்தில். அது கைகூடிய இரவுகளில் அதற்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை. கைகூடாத இரவுகளில் என்ன ஆகும் என்பதில்தான் அவர்கள் பிரிந்த கதையும், 2005 கதையும் இருக்கிறது.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழு 1968இல் ஏன் கலைந்தது? சண்டை என்று மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: சண்டை இருந்தது, ஆனால் அது மட்டும் காரணமில்லை.

முதலில் வேலைப்பளு. 1967, 68இல் அமெரிக்காவில் ஊர் ஊராக, இரவு இரவாக வாசித்தார்கள், ஓய்வே கிடையாது. ஏற்கெனவே ஒத்துப்போகாத பேக்கரையும் புரூஸையும் மாதக்கணக்கில் ஒரே வண்டியிலும் ஒரே விடுதியிலும் அடைத்து வைத்தால் என்ன ஆகுமோ அது ஆனது.

இரண்டாவது சத்தம். இதை நான் பெரிய காரணமாக நினைக்கிறேன். அரங்குகள் பெரிதாகப் பெரிதாக, கிளாப்டனும் புரூஸும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். பேக்கருக்கோ அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் தன் ட்ரம்ஸ் தனக்கே கேட்கவில்லை. கடைசி வருடத்தில் வாசித்த அந்தச் சத்தம்தான் தன் காதைக் கெடுத்தது என்று பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு கச்சேரியில் கிளாப்டன் நடுவில் வாசிப்பதையே நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார், மற்ற இருவரும் கவனிக்காமல் வாசித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கிளாப்டனே சொன்ன விஷயம் இது. ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டுப் பதில் சொல்வதால் மட்டுமே உயிர்வாழ்ந்த ஒரு குழுவில் கேட்பதே நின்றுபோன பிறகு என்ன மிச்சம் இருக்கும்?

மூன்றாவது, கிளாப்டனின் மனசு. 1968இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அவர் வாசிப்பு பழகிப்போன ப்ளூஸ் சொற்றொடர்களையே திரும்பத் திரும்ப வாசிப்பதாக எழுதியது, அது அவரை ரொம்பவே பாதித்தது. அதே வருடம் தி பேண்ட் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டார். பாட்டுக்காக அடங்கி வாசிக்கும் இசை. இதுதான் இனி எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது அவருக்கு. அதற்குப் பிறகு குழுவைக் காப்பாற்ற யாரும் முயற்சி செய்யவில்லை.

கேள்வி: பேக்கர் கத்தி காட்டினார் என்பது உண்மையா?

பதில்: கிரீமுக்கு முன்னால் நடந்த கதை அது. பேக்கரும் புரூஸும் கிரஹாம் பாண்ட் ஆர்கனைசேஷன் என்ற குழுவில் ஒன்றாக இருந்தார்கள். மேடையிலேயே கைகலப்பு, ஒருவர் வாத்தியத்தை ஒருவர் நாசம் செய்வது எல்லாம் நடந்திருக்கிறது. பேக்கர் புரூஸைக் குழுவை விட்டு நீக்கினார், நீக்கிய பிறகும் புரூஸ் வாசிக்க வந்துகொண்டே இருந்ததால் கத்தியைக் காட்டி மிரட்டினார் என்று புரூஸ் தரப்பில் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. புதுக் குழு ஆரம்பிக்கலாம் என்று கிளாப்டனைக் கேட்டவர் பேக்கர். கிளாப்டனைத் தன் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் கேட்டிருக்கிறார். சரி, ஆனால் பேஸ் வாசிக்க ஜாக் புரூஸ் வேண்டும் என்றார் கிளாப்டன். அதைக் கேட்டதும் பேக்கர் காரை எங்கேயோ மோதப்போனார் என்று கிளாப்டன் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்புறம் பேக்கர் தானே புரூஸ் வீட்டுக்குப் போய்ப் பேசினார். தான் நீக்கிய ஆளிடம் தானே போய் நின்றார். அவ்வளவு வெறுப்புக்கு நடுவிலும் இந்த ஆளைப் போல வாசிக்க வேறு ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: 36 வருடம் கழித்து 2005இல் சேர யார் முதலில் கை நீட்டினார்கள்? ஏன் அந்த வருடம்?

பதில்: உடம்புதான் காரணம் என்று நான் நினைக்கிறேன், வேறு எந்தக் காரணமும் அதற்கு அப்புறம்தான்.

புரூஸுக்கு 2003இல் கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்து, கல்லீரல் மாற்று அறுவை செய்தார்கள். புதுக் கல்லீரலை உடம்பு முதலில் ஏற்கவில்லை. கிட்டத்தட்டச் செத்துப் பிழைத்தார். பேக்கர் அப்போது தென்னாப்பிரிக்காவில் குதிரைகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார், மூட்டுவாதம் படுத்திக்கொண்டிருந்தது, ட்ரம்ஸ்காரருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. மூவரில் ஆரோக்கியமாகவும், வசதியாகவும், இந்த மறுசேர்க்கை எந்த விதத்திலும் தேவைப்படாதவராகவும் இருந்தவர் கிளாப்டன் ஒருவர்தான். அவர் சரி என்று சொல்லாமல் இது நடந்திருக்காது. அவர் சொன்னார். மூவராலும் இன்னும் வாசிக்க முடிகிற காலத்திலேயே செய்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் அவரை நகர்த்தியது. அதுவரை வருடக்கணக்கில் மறுத்து வந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை, அவருக்கு இதற்காக நான் நன்றி சொல்வேன்.

இடமும் யோசித்துத்தான் எடுத்தார்கள். 1968இல் விடைபெற்ற அதே ராயல் ஆல்பர்ட் ஹால். 2005 மே 2, 3, 5, 6, நான்கு இரவுகள். டிக்கெட் முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. கிளாப்டனுக்கு அப்போது 60 வயது, புரூஸுக்கு 61, பேக்கருக்கு 65.

கேள்வி: அந்த லண்டன் கச்சேரிகளின் டிவிடியைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய வெறி இல்லையே. வயசாகிவிட்டதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே?

பதில்: வயசானதை அவர்கள் மறைக்கவே இல்லை. நீங்கள் குறை என்று சொல்வதை நான் அவர்கள் எடுத்த நல்ல முடிவு என்று சொல்வேன், ஏன் என்று சொல்கிறேன்.

1968 பதிவையும் 2005 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் காதில் படுவது வேகம் குறைந்திருப்பது. 'கிராஸ்ரோட்ஸ்' 1968இல் தலைதெறிக்க ஓடும். 2005இல் நடக்கிறது, ஆனால் ஒவ்வொரு அடியும் தெரிகிறது. அடுத்தது சத்தம். அன்றைய ஆம்ப்ளிஃபயர் மலை இல்லை. கிளாப்டன் கையில் பழைய கிப்சன் எஸ்ஜி கிடார் இல்லை, ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அந்தத் தடித்த, இழைந்த பழைய கிடார் நாதம் போய் மெல்லிய தெளிவான நாதம் வந்திருக்கிறது. இது எனக்குமே கொஞ்சம் ஏமாற்றம்தான், அந்த எஸ்ஜியில் ஒரே ஒரு பாட்டாவது வாசித்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சத்தம் குறைந்ததால் என்ன கிடைத்தது பாருங்கள். பேக்கரின் ஒவ்வொரு அடியும் கேட்கிறது. 'வீ ஆர் கோயிங் ராங்' பாட்டில் மல்லட் (தலை மெத்தென்ற ட்ரம்ஸ் குச்சி) வைத்து உருட்டிக்கொண்டே போகிறாரே, அதன் மேல் புரூஸின் குரல் மெல்ல ஏறுகிறதே, பெரிய அறுவையிலிருந்து மீண்டு இரண்டு வருடம்கூட ஆகாத மனிதரின் குரல் அது. 1967 ஸ்டுடியோ பதிவில் இளைஞன் ஒருவன் வருத்தமாகப் பாடினான். 2005இல் அதே வரிகளைப் பாடுகிறவருக்கு அந்த வருத்தம் என்னவென்று தெரிந்திருக்கிறது.

'ஸ்டார்மி மண்டே' பாருங்கள். டி-போன் வாக்கரின் பாட்டு, 60களின் கிரீம் ஆல்பம் எதிலும் கிடையாது. பழைய நினைவுகளை மட்டும் விற்க வந்தவர்கள் ஏன் புதிதாக ஒரு மெதுவான ப்ளூஸைச் சேர்க்க வேண்டும்? கிளாப்டன் அந்தப் பாட்டில் வாசிக்கும்போது மற்ற இருவரும் எவ்வளவு இடம் விட்டு நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 1968இல் இந்த மூன்று பேரால் முடியாமல் போனது அதுதான். 'பேட்ஜ்' பாட்டும் அப்படித்தான். கிளாப்டனும் ஜார்ஜ் ஹாரிசனும் எழுதியது, குழு கலைந்த பிறகு 1969இல் வெளிவந்தது, அன்று மேடையில் வாசிக்க வாய்ப்பே வரவில்லை. 2005இல்தான் மேடை கண்டது.

மேடையில் கிளாப்டன் பார்வையாளர்களிடம், நாங்கள் உச்சத்தில் இருந்தபோது விதி எங்களை நிறுத்திவிட்டது என்கிற மாதிரி ஏதோ சொல்ல, இதுதான் நம் உச்சம் என்று மேடையிலிருந்தே ஒரு பதில் வந்தது. கூட்டம் சிரித்தது. நான் அதை முழு உண்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். வேகத்திலும் வெறியிலும் 1968தான் உச்சம், அதில் வாதமே இல்லை. ஒருவரை ஒருவர் கேட்டதில் 2005 மே முதல் வாரம்தான் உச்சம்.

கேள்வி: அவ்வளவு நன்றாக இருந்தால் நியூயார்க்கில் என்ன ஆயிற்று?

பதில்: அதே வருடம் அக்டோபர் 24, 25, 26, மாடிசன் ஸ்கொயர் கார்டன், மூன்று இரவுகள். இங்கேயும் அவர்கள் 1968 விடைபெறும் பயணத்தில் வாசித்திருக்கிறார்கள், ஆக இதுவும் பழைய இடத்துக்குத் திரும்புவதுதான். ஆனால் ஆல்பர்ட் ஹாலில் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம், இங்கே கிட்டத்தட்ட 20,000 பேர். இடம் பெரிதானால் சத்தம் ஏறும். சத்தம் ஏறினால் இந்த மூவருக்கும் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

லண்டனுக்கு முன்னால் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நியூயார்க்குக்கு அந்த அளவு பார்க்கவில்லை, ஏற்கெனவே வாசித்ததுதானே என்று நினைத்திருக்கலாம். அது பெரிய தவறு, ஏனென்றால் லண்டனில் நடந்தது தானாக நடந்த அற்புதம் இல்லை, உழைத்துக் கொண்டுவந்த ஒழுங்கு. ஒத்திகை குறைந்ததும் பழைய வழக்கங்கள் திரும்பின. மேடையில் வைத்தே, கூட்டத்துக்கு முன்னால், சத்தமாக வாசிக்கிறாய் என்று புரூஸ் தன்னைப் பார்த்துக் கத்தினார் என்று பேக்கர் பின்னர் சொன்னார். பேக்கருக்கோ புரூஸின் பேஸ் சத்தம்தான் தாங்கவில்லை. 1968இன் அதே வழக்கு, அதே இரண்டு பேர், 37 வருடம் கழித்து.

மூன்று இரவும் மோசம் என்று சொல்ல மாட்டேன். நேரில் கேட்டவர்கள் பலர் நெகிழ்ந்துபோய்த்தான் பேசுகிறார்கள், மனிதர் வாழ்நாளில் ஒரு தடவையாவது கிரீமைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தவர்கள், அவர்கள் சந்தோஷத்தை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் மேடையில் நின்ற மூவருக்கும் போதும் என்று தெரிந்துவிட்டது. கிளாப்டனுக்கு அதற்குப் பிறகு ஆர்வமே வரவில்லை. 2006இல் கிராமி வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள், அதுவும் அவர்களை மேடைக்குத் திருப்பவில்லை. 2010இல் புரூஸே கிரீம் முடிந்துவிட்டது என்று பேட்டியில் சொல்லிவிட்டார்.

கேள்வி: எல்லாம் பணத்துக்காகத்தானே? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: பணமும் உண்டு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கிரீம் பாடல்களின் வருமானம் மூவருக்கும் ஒரே மாதிரி போகவில்லை. எழுதியவர் என்று பெயர் இருப்பவருக்குத்தான் ராயல்டி. பெரும்பாலான பெரிய பாட்டுகளில் புரூஸின் பெயரும், அவரோடு வரிகள் எழுதிய கவிஞர் பீட் பிரவுனின் பெயரும் இருக்கும். 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' பாட்டில் கிளாப்டன் பெயரும் உண்டு. பேக்கர் பெயர் இல்லை. அந்தப் பாட்டை இன்று கேட்டாலும் முதலில் உடம்பில் ஏறுவது அந்த டாம்-டாம் தாளம்தான், அது பேக்கருடையது. 'ஒயிட் ரூம்' தொடக்கத்தில் ஐந்து எண்ணிக்கையில் வரும் அந்தப் பகுதியும் தன் யோசனை என்று பேக்கர் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தார், அதற்கும் அவருக்கு எழுத்தாளர் பங்கு கிடையாது. இந்த விஷயத்தில் நான் பேக்கர் பக்கம். மெட்டையும் வரியையும் மட்டும் பாட்டு என்று கணக்கெடுக்கிற பழைய முறை ட்ரம்ஸ்காரர்களுக்கு எப்போதும் அநியாயம் செய்தது. அந்த மனிதர் பழகக் கடினமானவர், குரூரமாகவும் நடந்துகொண்டவர், அதெல்லாம் சரி. கணக்கு வேறு, குணம் வேறு.

ஆக 65 வயதில், வலிக்கிற மூட்டுகளோடு வந்து வாசித்தவர் நல்ல சம்பளம் வாங்கினார் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். பணம் மட்டும்தான் நோக்கம் என்றால் ஏழு இரவோடு நின்றிருக்க மாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள். உலகம் முழுக்கச் சுற்றியிருக்கலாம், எந்த ஊரிலும் டிக்கெட் தீர்ந்திருக்கும்.

கேள்வி: 1993இலும் சேர்ந்தார்கள் என்கிறார்களே?

பதில்: ஆமாம். ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ், 1993 ஜனவரி. மூன்று பாட்டு வாசித்தார்கள், நன்றாகவும் வாசித்தார்கள். அடுத்த வருடம் பேக்கரும் புரூஸும் கிடார்காரர் கேரி மூருடன் சேர்ந்து பிபிஎம் என்ற குழுப் பெயரில் ஒரு ஆல்பம் போட்டார்கள். கிளாப்டன் இல்லாத கிரீம் என்று அதைச் சொல்வதுண்டு. மூர் அபாரமான கலைஞர்தான், ஆனாலும் அதுவும் நீடிக்கவில்லை.

கேள்வி: லெட் செப்பலின் 2007இல் ஒரே ஒரு இரவு வாசித்து நிறுத்தினார்கள். கிரீம் ஏழு இரவு வாசித்தது. எது சரி?

பதில்: இங்கிலாந்தின் இன்னொரு பெரிய ராக் குழுவான லெட் செப்பலின் 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் வாசித்தது, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் அஹ்மத் எர்டிகனின் நினைவாக. அட்லாண்டிக்தான் அமெரிக்காவில் கிரீமையும் வளர்த்த நிறுவனம். ஒரே கச்சேரிக்கு 2 கோடி டிக்கெட் கோரிக்கைகள் வந்தன. ட்ரம்ஸில் ஜேசன் பான்ஹாம். அவர் அப்பா ஜான் பான்ஹாம் 1980இல் இறந்துவிட்டார்.

அதனால் அங்கே சேர்ந்தது பழைய குழு இல்லை, பழைய குழுவில் மிச்சமிருந்த மூவரும் ஒரு மகனும். கிரீமில் அதே மூவர், ஒருவரும் குறையவில்லை. 60களில் உச்சத்தில் இருந்த குழுக்களில் எத்தனை பேருக்கு அப்படி வாய்த்தது? ஒரே இரவு என்பதில் ஒரு நன்மை உண்டு, தவறு நடக்க நேரமே இல்லை. ஆனால் லண்டனில் நான்கு இரவு வாசித்ததால்தான் முதல் நாளின் பதற்றம் போய், பின்னால் வந்த நாட்களில் இசை இளகியது. ஒரே இரவாக இருந்திருந்தால் அந்த இளக்கம் நமக்குக் கிடைத்திருக்காது. எனக்கு லண்டன் நான்கு இரவுகள்தான் சரியான அளவு. நியூயார்க் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அமெரிக்கா அவர்களுக்குக் கொடுத்த இடத்தை நினைத்தால் அங்கே போகாமல் இருப்பதும் நியாயமில்லை.

கேள்வி: இன்னொரு தடவை சேர்ந்திருக்கலாமே, நேரம் இருந்ததே?

பதில்: இருந்தது, ஒன்பது வருடம். புரூஸ் 2014 அக்டோபர் 25ஆம் தேதி காலமானார். அதே வருடம்கூட ஒரு புது ஆல்பம் வெளியிட்டிருந்தார், கடைசிவரை வேலை செய்தவர். பேக்கர் 2019 அக்டோபர் 6ஆம் தேதி போனார். 2020 பிப்ரவரியில் கிளாப்டன் லண்டனில் பேக்கருக்காக ஒரு நினைவுக் கச்சேரி நடத்தினார். ஸ்டீவ் வின்வுட், ரோஜர் வாட்டர்ஸ், ரானி வுட் எல்லாம் வந்து வாசித்தார்கள், பேக்கரின் மகன் கோஃபியும் ட்ரம்ஸ் வாசித்தார்.

சேர்ந்திருக்கலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் யாரைச் சேரச் சொல்கிறோம்? ஒருவரை ஒருவர் மேடையில் கத்திக்கொண்ட இரண்டு முதியவர்களையும், அதைப் பார்த்து மனசு விட்டுப்போன ஒருவரையும். நம் காதுக்காக அவர்கள் அதை மறுபடி தாங்க வேண்டும் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் உண்டு. இவர்களுக்கு இடையே இருந்த உரசல் இல்லாமல் 'ஸ்பூன்ஃபுல்' அந்த 16 நிமிடம் ஓடியிருக்காது. ஒருவரை மிஞ்ச ஒருவர் வாசித்ததால் வந்த இசை அது. அந்த உரசலை அடக்கிவைத்து நான்கு இரவு வாசிக்க அவர்களால் முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை. பேக்கரையும் புரூஸையும் சமாதானப்படுத்தி நண்பர்களாக்கியிருந்தால் குழு நீடித்திருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. நண்பர்களாக இருந்திருந்தால் அது வேறு ஒரு குழு.

கேள்வி: புதிதாகக் கேட்கிறவன் எங்கே ஆரம்பிக்க வேண்டும்? 2005இலிருந்து பின்னோக்கிப் போகலாமா?

பதில்: வேண்டாம், முன்னிருந்தே வாருங்கள். 1967இன் 'டிஸ்ரேலி கியர்ஸ்' ஆல்பம் முதலில். நியூயார்க்கில் சில நாட்களிலேயே பதிவு செய்தது, பாட்டுகள் சின்னது, உள்ளே நுழைய எளிது. அதில் 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' எப்படியும் பிடித்துவிடும், 'வீ ஆர் கோயிங் ராங்' பாட்டை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தின் மேடைப் பதிவுகள். 'கிராஸ்ரோட்ஸ்' நாலு நிமிடம்தான், அதை முதலில் கேளுங்கள், கிளாப்டனின் கிடாரை விட்டுவிட்டு இரண்டாவது தடவை புரூஸின் பேஸை மட்டும் தொடருங்கள், அவர் துணைக்கு வாசிக்கவில்லை, எதிரே நின்று பேசுகிறார் என்பது தெரியும். அது பிடிபட்ட பிறகு 'ஸ்பூன்ஃபுல்'. 16 நிமிடமும் ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும், வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் ஒன்றும் புரியாது.

அதற்குப் பிறகு 2005 லண்டன். 2005 அக்டோபரில் சிடியாகவும் டிவிடியாகவும் வந்தது, நீங்கள் டிவிடியையே எடுங்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். பேக்கரின் 'டோட்' தனி வாசிப்பைத் தாண்டிவிடாதீர்கள், 65 வயது, மூட்டுவாதம், இரண்டு பேஸ் ட்ரம், எங்கேயும் அவசரமே இல்லை. 'வீ ஆர் கோயிங் ராங்' வரும்போது பழைய பதிவையும் ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, உங்களுக்கு எது பிடித்தது என்று எனக்கு எழுதுங்கள்.